பெரட்டுக் களத்தில் நின்ற கால்

"நிக்குதுங்க தொரை. பாருங்க, யாரும் புடிக்காமலே நிக்குது" என்றார் பெரிய கங்காணி.

அவர் கைகாட்டியது என்னை.

விடிந்தும் விடியாத நேரம். ஆள் எழுப்புகிற தப்பு மேளச் சத்தம் ஓய்ந்து, தேயிலைத் தோட்டத்து ஆள்கள் எல்லாரும் பெரட்டுக் களத்தில் வரிசை கட்டி நின்றார்கள். யார் எந்த மலைக்குப் போவது என்று தினமும் பிரித்து அனுப்புகிற இடம் அது. அன்றைக்கு அப்படி ஒரு பனி. முன் வரிசைக்காரர்களின் கம்பளி தெரிந்தது, தலை தெரியவில்லை. ஈரச் சாக்கு நாற்றமும் வெற்றிலை வாசமும் கலந்து வந்தன.

என் வலது காலின் இரு பக்கமும் தொடை வரை இரும்புக் கம்பி. தொடையிலும் முழங்காலுக்குக் கீழேயும் தோல் பட்டை. அடியில் ஒரு கறுப்புச் சப்பாத்து. இடது கால் வெறுங்கால். களத்துச் சரளை அதைக் குத்திக்கொண்டிருந்தது.

துரை குனிந்து, கைத்தடி நுனியால் கம்பியைத் தட்டினார். கிணுக்கென்று ஒரு சின்னச் சத்தம். அது அவருக்குப் பிடித்துப்போயிற்று போலிருக்கிறது, இன்னொரு தடவை தட்டினார்.

"கணக்கப்பிள்ளை, பேர் போடு" என்றார்.

என் பின்னால் அம்மா நிம்மதியாக மூச்சு விட்டது கேட்டது. நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். நடக்கத் தொடங்கிப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

ஒரு வாசகரின் கேள்வி

இந்தத் தொடரை ஆரம்பித்ததிலிருந்து, ஒட்டி ஒட்டிக் கட்டிய அறைகளில் நாங்கள் குடியிருந்த லயத்தைப் பற்றி எழுதினேன், பசறைச் சந்தையைப் பற்றி எழுதினேன், பதுளைத் தபால் கந்தோர் வாசலில் உட்கார்ந்து ஊரார் கடிதங்களை எழுதிக் கொடுத்த காலத்தைப் பற்றி எழுதினேன். என் காலைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லையே என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மற்றவர்களுக்குத் தைரியம் கொடுக்கிற மாதிரி எழுதுங்கள் என்று கீழே ஒரு வேண்டுகோளும் வைத்திருக்கிறார்.

காலைப் பற்றி எழுதுகிறேன். தைரியத்துக்கு நான் பொறுப்பில்லை.

பலாக்கட்டை

எனக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள் அனல் பறந்ததாம். ஆறாம் நாள் காய்ச்சல் இறங்கியபோது வலது கால் துணி மாதிரித் தொங்கியது. மாரியம்மன் கோபம் என்றார்கள். அப்பா அம்மனுக்கு வேண்டிக்கொண்டு கடல் தாண்டி ஊருக்குப் போனார். வேண்டுதலை நிறைவேற்றினாரோ இல்லையோ, அவர் திரும்பி வரவில்லை. அதன்பிறகு நானும் அம்மாவும்தான்.

தோட்டத்து ஆசாரி, தேயிலை கத்தரிக்கிற கவ்வாத்துக் கத்தி தீட்டுகிறவர். பேச்சே கிடையாது. நான் உள்ளங்கையை ஊன்றித் தேய்த்துக்கொண்டு போவதைப் பார்த்து, ஒரு நாள் இரண்டு பலாக்கட்டைகளைச் செதுக்கிக் கொண்டுவந்து முன்னால் போட்டார். மேலே பிடி, அடியில் தேய்ந்த மாட்டுத்தோல் வைத்து ஆணி அடித்திருந்தது.

"கைய ஊணி எத்திப் போ" என்றார். அவ்வளவுதான்.

ஒரு கட்டையை ஊன்றி, உடம்பைத் தூக்கி, முன்னால் வீசி, அடுத்த கட்டையை ஊன்றி... ஒரு மாதத்தில் லயத்துக் கோழிகள் என்னைக் கண்டால் ஓடின. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்கு நானே போவேன். சரிவில் இறங்குவதென்றால் இன்னும் சுலபம், உட்கார்ந்தவாறே சறுக்கிவிடலாம். தேயிலைத் தூர்களுக்கு அடியில் புகுந்து போக என்னைவிட்டால் ஆளில்லை.

ஆனால் அம்மா அதைப் பார்க்கமாட்டாள். நான் கட்டையோடு வாசலில் இறங்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "நாய்க்குட்டி மாதிரி" என்று யாரோ ஒருத்தி சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது. எனக்கும் விழுந்தது. என்னை அது அவ்வளவாகச் சுடவில்லை. எனக்குப் போக வேண்டிய இடத்துக்குப் போக முடிந்தது.

கடைசிக் காம்பரா

போக வேண்டிய இடம் எங்கள் லயத்தின் கடைசிக் காம்பரா, கடைசி அறை. அதில்தான் தோட்டத்துப் பள்ளிக்கூடம். வாத்தியார் எப்போதும் சளி பிடித்தவர். ஒரு கையில் கைக்குட்டை, ஒரு கையில் பிரம்பு. பாடம் சொல்லிக்கொடுப்பதில் அவருக்கு ஒரு ஆசையும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. எழுத்து அட்டைகளை மாட்டிவிட்டுத் தூங்குவார்.

ஏழெட்டு வயதானால் பிள்ளைகள் மலைக்குப் போய்விடுவார்கள். புல் பிடுங்கவோ, தணிந்த தூரில் கொழுந்து எடுக்கவோ கையும் காலும் இருந்தால் போதும். எனக்குக் கால் இல்லாததால் நான் பள்ளிக்கூடத்திலேயே மிஞ்சிவிட்டேன். வருஷா வருஷம் புதுப் பிள்ளைகள் வந்து போனார்கள். நான் அதே மூலையில் இருந்தேன். அட்டைகள் எல்லாம் மனப்பாடமான பிறகு, வாத்தியாரின் பழைய பத்திரிகைகளை எடுத்துப் படித்தேன். அவர் தூக்கத்தில் தடுக்கவில்லை.

ஒன்பது வயதில் ஊரிலிருந்து வருகிற கடிதங்களை லயத்துக்காரர்களுக்குப் படித்துச் சொல்வேன். பெரிய மனிதர்கள் என் முன்னால் குந்தி உட்காருவார்கள். "இன்னொரு வாட்டி படி தாயி" என்பார்கள். யாருடைய தாய் செத்தாள், யாருடைய தங்கைக்குப் பிள்ளை பிறந்தது என்று மற்றவர்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்தது. சில செய்திகளைச் சொல்வதற்கு முன்னால் அவர்கள் முகத்தைப் பார்த்துத் தயங்கியிருக்கிறேன். அந்த வயதில் அது பெரிய பாரம். அந்தப் பாரத்தை நான் விரும்பினேன்.

சீமைச் சாமான்

துரைசானி புதிதாகக் கப்பலில் வந்தவர். நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் கெட்டவர் என்று காட்ட எனக்கு ஆளே அகப்படவில்லை.

குதிரையில் போகிறபோது என்னைப் பார்த்திருக்கிறார். மறுநாள் பங்களா அப்புவோடு லயத்துக்கே வந்தார். அப்பு சமையல்காரர், துரைசானிக்குத் தமிழ் தெரியாததால் எங்களுக்கும் அவருக்கும் நடுவில் அப்புதான் வாய். அந்த அம்மாள் மண் தரையில் மண்டியிட்டு, தன் பையிலிருந்து ஒரு நாடாவை எடுத்து என் காலை அளந்தார். தொடை, முழங்கால், கணுக்கால், பாதம். அளந்ததைச் சின்னப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். யாரும் அந்தக் காலை அவ்வளவு மரியாதையாகத் தொட்டதில்லை.

"சீமையில இதுக்கு இரும்பு செய்வாங்களாம். வந்ததும் நீ நடக்கலாமாம்" என்றார் அப்பு. "நடந்தா பசறை ரோட்டுப் பெரிய பள்ளிக்கூடத்துக்கே போகலாம்னு தொரைசானியம்மா சொல்றாங்க."

அந்தப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரை உண்டு. சுவரில் கறுப்புப் பலகை உண்டு என்று கேள்வி. தோட்டத்திலிருந்து மூன்று மைல். அன்று முதல் மனதுக்குள் அந்த மூன்று மைலை நான் நடக்காத நாள் இல்லை.

சாமான் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. கப்பலில் கொழும்புக்கு, ரயிலில் பண்டாரவளைக்கு, அங்கிருந்து மாட்டு வண்டியில். வைக்கோலுக்குள் படுத்திருந்தது. பளபளவென்ற கம்பி, பித்தளைக் கொக்கி, புதுத் தோலின் வாசம். முழங்காலில் ஒரு பூட்டு. பூட்டினால் கால் கம்பு போல நிற்கும், நெம்பினால் மடங்கும்.

தோல் சாமானைச் சாமி படம் இருக்கிற காம்பராவில் வைக்கலாமா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். அம்மா சாமி படத்தை எடுத்து வெளிச் சுவரில் மாட்டினாள்.

அளந்த நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் நடுவில் நான் வளர்ந்திருந்தேன். கம்பி குட்டையாக இருந்தது. ஆனால் சப்பாத்தின் அடி உயரமாக இருந்தது. செய்த சீமைக்காரருக்கு ஒரு விஷயம் தோன்றவே இல்லை, மற்றக் காலில் சப்பாத்து இருக்காது என்பது. நின்றால் இடுப்பு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது.

ஆசாரி அதை இரண்டு நாள் வைத்திருந்தார். சப்பாத்தின் அடியைச் சீவிக் குறைத்தார். கம்பியில் துளையிட்டு, வண்டிச் சக்கரத்துப் பட்டையை வெட்டி ஒட்டுக் கொடுத்தார். மாட்டிவிட்டுச் சுற்றி வந்து பார்த்தார்.

"சமதரைக்குச் செஞ்ச காலு இது" என்றார். "இங்க சமதரை எங்க இருக்கு?"

யாரும் அதைக் கவனிக்கவில்லை. நான் லயத்து முன்திண்ணையான இஸ்தோப்பில் சுவரைப் பிடிக்காமல் எட்டு அடி வைத்தேன். அம்மா வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதாள். அன்று மாலையே பலாக்கட்டை இரண்டையும் அடுப்பில் வைத்தாள்.

"எதுக்கும்மா? வச்சிருக்கலாம்ல?"

"இனி எதுக்கு அது? நீ மனுசி மாதிரி நடக்கிறே" என்றாள்.

பதினோராம் நாள்தான் அந்தப் பெரட்டு. அம்மாதான் என்னைக் கூட்டிப்போய் கங்காணியிடம் காட்டினாள். இதைச் சொல்ல எனக்கு இப்போதும் கஷ்டமாக இருக்கிறது.

பள்ளிக்கூடம் என்று நான் முனகியபோது அவள் குனிந்து மெதுவாகச் சொன்னாள். "வேலைக்குப் பேர் இருந்தாத்தான் காம்பரா. நான் செத்தா உன்னை யாரு உள்ள வச்சிருப்பா? படிச்சதைக் காட்டினா விடுவாங்களா?"

அவள் சொன்னதில் பொய் இல்லை.

வாத்தியார் மறுநாள் தன் பதிவு இடாப்பில் என் பேரை அடித்தார். நான் வாசலில் நின்று பார்த்தேன். ஒரே கோடு. மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

சரிவு

தேயிலை மலையில் பூட்டிய காலோடு நிற்பது எப்படி என்று தெரிய வேண்டுமானால், ஒரு காலில் உலக்கையைக் கட்டிக்கொண்டு கூரை மேல் நின்று பாருங்கள்.

மேடேறும்போது இரும்புக் காலை வட்டமாக வீசிப் போட வேண்டும். இறங்கும்போது அது முன்னால் ஓடும், நான் பின்னால் விழுவேன். உட்கார்ந்து இறங்கலாம் என்றால் பூட்டை நெம்ப வேண்டும். நெம்புவதற்குள் வரிசை போய்விடும். கட்டையோடு நான் அணில் மாதிரி ஓடிய அதே மலை.

மழை தொடங்கியதும் தோல் ஊறியது. ஊறிய தோல் காயும்போது சுருங்கிச் சதையைக் கவ்வியது. தொடையில் வட்டமாகப் புண். அம்மா தேங்காயெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் போடுவாள். காலையில் அதே புண்ணின் மேல் பட்டையை இறுக்குவாள். இறுக்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்கமாட்டாள்.

லயத்துக்காரர்கள் கடிதத்தோடு வருவதும் நின்றது. சாயங்காலம் நான் சாக்கில் விழுந்தால் எழுந்திருக்கமாட்டேன். பாதிக் கடிதம் படிக்கையில் தூங்கிவிடுவேன். பிறகு வாத்தியாரிடம் போகத் தொடங்கினார்கள்.

பங்களாப் புல்தரை

நடுவில் ஒரு நாள், அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து துரைமார்கள் விருந்துக்கு வந்திருந்தார்கள். என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். அம்மா எனக்குத் தலை வாரி, கம்பியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துவிட்டாள்.

பங்களா முன்னால் புல்தரை. வெட்டிவிட்ட புல், தட்டையான நிலம். அந்தத் தோட்டத்திலேயே சமமான இடம் அது ஒன்றுதான். அங்கே நான் அழகாக நடந்தேன். ரோஜாப் பாத்தி வரை போய்த் திரும்பி வந்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். துரைசானி கண்களைத் துடைத்துக்கொண்டார். நாற்காலியிலிருந்து எழுந்து வந்து என்னிடம் ஏதோ கேட்டார்.

"சந்தோசமா இருக்கியான்னு கேக்கிறாங்க" என்றார் அப்பு.

இதற்காகத்தான் நான் காத்திருந்தேன். வரும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாசகம்.

"எனக்கு மலையில பேர் போட்டுட்டாங்க. பள்ளிக்கூடத்துக்குப் போகணும். தொரைசானியம்மா சொன்னா தொரை விடுவாங்க. அப்படியே சொல்லுங்க அப்பு."

அப்பு என்னைப் பார்த்தார். பிறகு துரைசானியிடம் நாலைந்து வார்த்தை சொன்னார். துரைசானியின் முகம் மலர்ந்தது. என் கன்னத்தைத் தொட்டார். ஒரு தட்டிலிருந்து இரண்டு பிஸ்கட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

குசினி வழியாகத் திரும்பும்போது அப்புவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"என்ன சொன்னீங்க?"

அவர் கோப்பை கழுவிக்கொண்டே பதில் சொன்னார். "தினமும் தொரைசானியம்மாவை நெனச்சிக் கும்பிடுறேன்னு சொல்றா, அப்படின்னு சொன்னேன்."

"நான் அப்படிச் சொல்லலையே."

"நீ சொன்னதைச் சொன்னா, தொரை செஞ்சது தப்புன்னு நான் சொன்ன மாதிரி ஆயிரும். பதினாலு வருசமா இந்தக் குசினியில இருக்கேன். வயசுக்கு வந்த பொண்ணு இருக்கு எனக்கு. போ, பிஸ்கட்டைத் தின்னு."

பிறகு எத்தனையோ வருஷம் மற்றவர்கள் சொன்னதை எழுதிப் பிழைத்தேன். யார் சொன்னதிலும் ஒரு எழுத்தை மாற்றியதில்லை. அது நாணயம் என்று பதுளைக் கடைக்காரர்கள் சொல்வார்கள். அந்தக் குசினியில் நான் தின்னாமல் வீசிய பிஸ்கட்டை அவர்களுக்குத் தெரியாது.

ஊசி

முதல் தடவை விழுந்தது நிஜம். மலையில், மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் தலைகுப்புறப் போனேன். கம்பி வளைந்தது. நெற்றி கிழிந்தது. ஆசாரி கம்பியை நிமிர்த்தும் வரை இரண்டு நாள் லயத்தில் கிடந்தேன். கடைசிக் காம்பராவிலிருந்து பிள்ளைகள் அட்டை படிக்கிற சத்தம் வந்தது. ஒருவன் ழகரத்தைத் தப்பாகச் சொன்னான். வாத்தியார் திருத்தவில்லை.

அங்கே கிடந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

மூன்றாம் நாள் பெரட்டுக் களத்தில், துரை வந்து நின்றதும் நான் விழுந்தேன். கங்காணி தூக்கி நிறுத்தினார். மறுபடி விழுந்தேன். அடுத்த நாளும் விழுந்தேன். அதற்கடுத்த நாள் கங்காணி புளியம் விளாரால் முதுகில் இரண்டு வைத்தார். எழுந்து, நின்று, விழுந்தேன்.

துரை மருந்துக்காரரிடம் அனுப்பினார். டாக்டர் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம், தோட்டத்தில் மருந்து கலக்கிக் கொடுப்பவர். பலகையில் என்னைப் படுக்கவைத்து இரும்பைக் கழற்றினார். புண்ணைப் பார்த்து மூக்கைச் சுளித்தார்.

"உணர்ச்சி இருக்கான்னு பாத்திருவோம். இல்லேன்னா இரும்பு போட்டு என்ன பிரயோசனம்?" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஒரு ஊசியை எடுத்தார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இளம்பிள்ளை வாதம் என்கிற இந்த நோயில் கால் சூம்பும், அசையாது. உணர்ச்சி போவதில்லை. எறும்பு கடித்தாலும் தெரியும். அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. எனக்குத் தெரியும், அது என் கால்.

பெருவிரலில் குத்தினார். "வலிக்குதா?"

"இல்லைங்க."

உள்ளங்காலில் குத்தினார். கணுக்கால் எலும்பின் மேல் குத்தினார். நான் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு க, ங, ச என்று உள்ளுக்குள் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன். முழங்காலுக்குக் கீழே ஆழமாக இறக்கியபோது என் வலது கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

அம்மா என் தலைமாட்டில் நின்றாள். மருந்துக்காரர் நிமிர்வதற்குள் அவள் கை வந்தது. சேலைத் தலைப்பால் என் கண்ணைத் துடைத்துவிட்டு, தலையைத் தடவுகிற மாதிரி அப்படியே வைத்துக்கொண்டாள்.

"செத்த காலு" என்றார் மருந்துக்காரர். மலை வேலைக்கு ஆகாது என்று துண்டுச் சீட்டில் எழுதினார்.

அம்மா என்னை முதுகில் சுமந்து வந்தாள். பாதித் தூரத்தில் நின்று கேட்டாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா?"

"அடிச்சிருப்பேன்."

காம்பராவில் என்னை இறக்கிவிட்டுத் திரும்பி நின்று சொன்னாள். "நடக்க வேணாம்னு நெனச்ச புள்ள உலகத்திலேயே நீ ஒருத்திதான்." அதன்பிறகு பல மாதங்கள் தேவைக்கு மேல் என்னோடு பேசவில்லை. அவள் சாகும்வரை அந்த ஊசியைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை.

ஆசாரி புதுசாக இரண்டு கட்டை செதுக்கிக் கொடுத்தார். 

நான் கடைசிக் காம்பராவுக்குத் திரும்பிப் போனேன். வாத்தியார் என் பேரை மறுபடி எழுதினார். ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை, சளி முற்றி அவர் யாழ்ப்பாணத்துக்குப் போனார். வேறு வாத்தியார் வரவில்லை. பள்ளிக்கூடத்தை மூடி, அங்கே ஒரு குடும்பத்தைக் குடிவைத்தார்கள். பசறை ரோட்டுப் பள்ளிக்கூடத்தை என் வாழ்நாளில் வண்டியில் போகும்போதுதான் பார்த்தேன்.

கால் மடங்கிய நிலையிலேயே இறுகிவிட்டது. பெரியவளான பிறகு பதுளை ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் தொட்டுப் பார்த்து, "சின்ன வயசுல இரும்பு போட்டிருந்தா இப்படி ஆகியிருக்காதே, யாரும் சொல்லலையா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

செல்லாயி

நான் கழற்றிய இரும்பைத் துரைசானி வீணாக்கவில்லை. கீழ் லயத்தில் செல்லாயி என்று ஒரு ஏழு வயதுப் பிள்ளை. அவளுக்கும் வலது கால்தான். ஆசாரி கம்பியை வெட்டிக் குறைத்துக் கொடுத்தார். ஒரு நாள் காலை அவளை அவள் தாய் பெரட்டுக் களத்துக்குக் கூட்டிப்போவதை இஸ்தோப்பிலிருந்து பார்த்தேன். காலை வட்டமாக வீசி வீசிப் போனாள்.  அந்த இரும்பு மலைக்கு ஆகாது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் ஊசி வெளியே வந்திருக்கும்.

அம்மாவுக்கு முடியாமல் போனதும் காம்பராவைத் திருப்பிக் கேட்டார்கள். நாங்கள் பதுளைக்கு வந்தோம். தபால் கந்தோர் வாசலில் பாய் விரித்துக் கடிதமும் மனுவும் எழுதினேன். அதில்தான் அம்மாவுக்குக் கடைசி வரை சோறு போட்டேன். சாப்பிட்டாள். ஒருநாளும் நல்லதென்றோ கெட்டதென்றோ சொல்லவில்லை.

பதுளைக்கு ரயில் வந்து ஓரிரண்டு வருஷம் ஆகியிருக்கும். ஒரு நாள் உச்சிவெயிலில் என் பாய்க்கு முன்னால் ஒரு கறுப்புச் சப்பாத்து வந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். செல்லாயி.

கம்பியில் அந்த ஆசாரியின் ஒட்டுகளை எண்ணினேன். மூன்று இடத்தில் நீட்டியிருந்தார். ஒரு பக்கக் கம்பி உடைந்து, கயிறு சுற்றியிருந்தது. கொக்கிகள் போய்ச் சணல் முடிச்சு. தொடையில் சேலையின் மேலாகவே பட்டையின் தடம் தெரிந்தது.

"தொரைக்கு ஒரு மனு எழுதணும்க்கா. புதுத் தொரை. பழைய தொரைசானி சீமைக்குப் போயிட்டாங்க. ஆசாரியும் செத்துப்போயிட்டாரு. இரும்பு முறிஞ்சிருச்சி. இன்னொண்ணு வரவச்சிக் குடுத்தா வேலை செய்வேன்னு எழுதுங்க. நல்லா நடப்பேன்னு எழுதுங்க. பதினெட்டு வருசமா ஒரு நாளும் பேர் விடலேன்னு எழுதுங்க."

அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். என் கையெழுத்து அன்றைக்கு மிக நன்றாக இருந்தது.

மூன்று வாரம் கழித்துப் பதிலோடு வந்தாள். கணக்கப்பிள்ளையின் கையெழுத்து, கீழே துரையின் ஒப்பம். இரும்பைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. மேற்படியாள் வேலைக்குத் தகுதியில்லாதவளாய் இருப்பதை அவளே எழுதித் தெரிவித்திருப்பதால், பேர் நீக்கப்பட்டது என்று இருந்தது.

படித்துச் சொன்னேன். அவள் அழவில்லை. நான்தான் பேசினேன்.

"இனிமே மழையில மலைக்குப் போக வேண்டாம்ல, செல்லாயி. அந்தப் புண்ணாவது ஆறும்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை, சும்மாதான் பார்த்தாள்.

"நீங்க வேணும்னுதான் விழுந்தீங்க. எனக்குத் தெரியும்க்கா."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"வேலைக்குப் போறவங்க புள்ளைய விட்டுட்டுப் போற புள்ளைக்காம்பரா வாசல்ல உக்காந்து பாத்துக்கிட்டிருந்தேன். ரெண்டாம் நாளு விழறதுக்கு முந்தி, கீழ கல்லு கெடக்கான்னு பாத்தீங்க. விழறவங்க யாரும் அப்படிப் பாக்கமாட்டாங்க."

"யாருகிட்டயும் சொல்லலையா நீ?"

"எதுக்குச் சொல்றது? நானும் அப்படி விழலாம்னு எத்தனையோ நாள் நெனச்சிருக்கேன். நீங்க விழுந்தப்போ பள்ளிக்கூடம் இருந்துச்சு. எனக்கு இரும்பு போட்ட வருசமே அதை மூடிட்டாங்க. விழுந்து நான் எங்கக்கா போறது?"

சந்தைக்குப் போகிற வண்டி ஒன்று எங்களைத் தாண்டிப் போயிற்று. அவள் ஒதுங்கி நிற்கும்போது முறிந்த கம்பி தளர்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அந்தத் தாளை மறுபடி என் பக்கம் நீட்டினாள்.

"இன்னொரு வாட்டி படிங்க. எந்தத் தேதிக்குள்ள காம்பராவ விடணும்னு போட்டிருக்கு?"

படித்தேன்.